கிழக்குச் சுவரில் இருந்த இடுப்பு வலி

மஸீனாவின் இடுப்பு வலி அவளுடைய இடுப்பில் இருக்கவில்லை. பிலிமத்தலாவையில் அவள் வீட்டுக் குசினியின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில், அடுப்புக்கும் தண்ணீர்ப் பீப்பாவுக்கும் நடுவில் இருந்தது. அந்த இடத்தில் முதுகைச் சாய்த்தால், நாள் முழுக்க மூட்டை தூக்கிய ஒருத்தியின் வலி சாய்ந்தவரின் இடுப்புக்குள் இறங்கி, எழும்பும்போது முழங்கால்வரை இழுக்கும். பதிலுக்குச் சுவரில் ஒரு கையகலத் துண்டு மஸீனாவின் இடது இடுப்பில் இருந்தது. மழைக்காலத்தில் அந்த இடம் ஓதம் பிடித்துக் குளிர்ந்தது, வெயில் காலத்தில் சுண்ணாம்பு மணத்தது. நோன்பு மாதத்து இரவுத் தொழுகையில் மஸீனாவின் இடுப்புக்குள்ளிருந்து பல்லி கத்தினால் பக்கத்தில் நிற்கும் பெண்கள் அரை அடி தள்ளி நிற்பார்கள், தொழுகையை முறிக்கமாட்டார்கள். எதுவும் குறைந்துபோகவில்லை, எதுவும் கூடிவிடவுமில்லை. இருந்தது இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த வலியை எட்டு வருடம் முதுகில் வாங்கியவள் அந்த வீட்டில் பிறந்தவளல்ல. அவள் மஸீனாவின் மருமகள் றமீலா. பிள்ளை பெறவில்லை என்று அவளைத்தான் அந்த வீட்டிலிருந்து அனுப்பினார்கள்.

கொழும்பு வீதியோரம் இருந்த பலசரக்குக் களஞ்சியத்தில் மஸீனா முப்பது வருடம் வேலை செய்தாள். மற்றப் பெண்கள் குந்தியிருந்து கராம்பு ஆய்ந்தார்கள், சாதிக்காய் உடைத்தார்கள். மஸீனா மூட்டை தூக்கினாள். லொறி வந்து நின்றால் ஆண்கள் இரண்டு பேர் பிடிக்கும் மிளகு மூட்டையை அவள் தனியே இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறுவாள். சுவர் தாங்காத பாரமா என்று முதலாளி சிரிப்பார், கூலியை மட்டும் பெண் கூலியாகவே போடுவார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அவள் இருபது வயதுக்காரி மாதிரி முற்றம் கூட்டுவாள். அந்த நேரத்தில் குசினிச் சுவர் நடுங்கத் தொடங்கும். யாராவது சாய்ந்து அன்றைய வலியை வாங்கிக்கொண்டால் நடுக்கம் நிற்கும். சாயாவிட்டால் கூரையிலிருந்து கரி உதிர்ந்து கறிச் சட்டிக்குள் விழும்.

இது மஸீனாவோடு தொடங்கிய விஷயமல்ல. அவளுடைய உம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், சுவரும் வீட்டோடு போகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வந்துவிடாது. மஸீனாவின் மூத்த சகோதரிக்கு வரவில்லை. அவள் மாவனல்லையில் ஏழு பிள்ளை பெற்று, முழங்கால் வலியை முழங்காலிலேயே வைத்துக்கொண்டு வாழ்கிறாள். அது வந்தவர்களுக்கெல்லாம் சுவரில் அடையாளம் இருந்தது. பெண்களின் இடம் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உம்மாவின் இடத்துக்கு மேல் மஸீனாவின் இடம், சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல. ஒரு சாண் கீழே அவளுடைய மகள் ஷஹ்மாவின் இடம். ஆண்களின் இடத்தில் சாந்து பிடிக்காது. அங்கே இரண்டு மொட்டை வட்டங்கள் இருந்தன, ஒன்று மஸீனாவின் மூத்த சகோதரன் முஹைதீன் நானாவுடையது, மற்றது மகன் ஹபீலுடையது. பெண்களின் இடங்களைச் சுற்றிச் சின்னச் சின்ன ஈரப்பொட்டுகள், எவ்வளவு கடுங்கோடையிலும் காயாதவை. அவை வயிற்றில் தங்காமல் போன பிள்ளைகள். ஹபீலுக்கும் ஷஹ்மாவுக்கும் நடுவில் மஸீனாவுக்கு அப்படிப் போனவை நான்கு.

இன்னொரு விஷயமும் எல்லோருக்கும் தெரியும். அந்த வலி அந்த இரத்தத்துக்கு ஏறாது. மஸீனாவோ ஷஹ்மாவோ ஹபீலோ சாய்ந்தால் சுவரில் சுவர் சாய்ந்தமாதிரிதான், ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து வந்தவர்கள்தான் சாயவேண்டும். மஸீனாவின் புருஷன் ஸெய்னுலாப்தீன் ஒரே ஒரு தரம் சாய்ந்தார். ஹபீல் ஆசுபத்திரியில் பிறந்துகொண்டிருந்த பொழுது அது. வீட்டில் தேநீர் ஊற்றப்போய்ச் சுவரில் சாய்ந்து குந்தியவரை அயலவர்கள் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்கள். அதற்குப் பிறகு மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை அந்த மனிதர் குசினிக்குள் கால் வைக்கவில்லை, சோறு ஹோலுக்குத்தான் போகவேண்டும். அவர் போனபின், முஹைதீன் நானா அந்த வீட்டில் இருந்த காலத்தில், அவருடைய மூன்று மனைவிமாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சாய்ந்தார்கள். மூன்று பேரும் பிள்ளையில்லாமல் போனார்கள். பொண்ணு சரியாக அமையவில்லை என்று ஊர் சொன்னது. முஹைதீனும் அதையே சொன்னார்.

றமீலா அக்குறணையில் சாச்சாவின் வீட்டில் வளர்ந்த அநாதை. பெண்ணுக்கு வீடு கொடுக்க ஆளில்லாததால் அவள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாள் தேங்காய் திருவ உட்கார்ந்தாள். குசினி ஒடுக்கம். திருவலையைப் போட அந்தச் சுவரோரம் தவிர இடமில்லை, அதில் உட்கார்ந்தால் சாயாமல் இருக்கவும் முடியாது. முதல் தேங்காய் பாதியில் அவளுடைய முகம் வெளுத்தது. மஸீனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "திருவினது காணும் மகள், பாலைப் புழிங்க" என்றாள். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு இன்னின்ன வேலை என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கூட்டுவது, கழுவுவது மாதிரிச் சாய்வதும் அவளுடைய வேலையாகிப்போனது. அன்று கரி உதிரவில்லை, கறி சுத்தமாக இருந்தது. இவள் கை ராசியானவள் என்று மஸீனா களஞ்சியத்தில் போய்ச் சொன்னாள், உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னாள்.

ஹபீல் பல்லேகல பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்தான். விடியப் போய் இருட்டி வருவான். கலியாணமாகி மூன்றாம் வருடம் நோன்புப் பெருநாளைக்கு வீட்டைப் பூச நடராஜா வந்தார், மலைநாட்டுக்காரர், கொத்து வேலையில் பெயரெடுத்தவர். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடியுங்கள் என்றார்கள். இடம் தெரியாமல் கிழக்குச் சுவரில் தொடையை முட்டுக் கொடுத்து அடித்தவர் சுத்தியலைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐயோ அக்கா, செவுத்துக்கு வாயு புடிச்சிருக்குங்க. இதுக்குக் கொத்தன் சரிவர மாட்டான், தைலக்காரனைக் கூப்பிடுங்க."

"ஆணியை அங்கால அடிங்க நடராஜா. அது ஏன்ட இடுப்பு."

"சரிங்க. ஆனா இந்த ரெண்டு எடத்துல சாந்து நிக்க மாட்டேங்குதே. மூணு வாட்டி பூசிட்டேன், பொலபொலன்னு விழுந்துருது."

"அது எங்கட முஹைதீன் நானாட எடம். பக்கத்துல ஈக்கிறது மகன்ட."

"ரெண்டு பேரும் சொகமா இருக்காங்களா?"

"நல்ல சொகமா ஈக்கிறாங்க. நானாவுக்குத்தான் மூணு கலியாணம் முடிச்சும் புள்ள இல்ல. வந்ததுகள் அப்படி."

நடராஜா கரண்டியைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். சுவரில் முதுகை வைத்துத் தேங்காய் திருவிக்கொண்டிருந்த றமீலா எழும்பிப் போய் ஊற்றிக்கொடுத்தாள். மூன்று பேரும் அந்த இரண்டு மொட்டை வட்டங்களுக்கு முன்னால்தான் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பற்றி யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வு இருந்ததில்லை.

கொரோனாவுக்கு முந்திய வருடம் மஸீனா உம்றாவுக்குப் போனாள். போகுமுன் எல்லோரிடமும் மாப்புக் கேட்பது வழக்கம், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. மஸீனா அதைக் குறைவில்லாமல் செய்தாள். வீதியின் இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போனாள். முதலாளியிடம் கேட்டாள், கராம்பு ஆயும் பெண்களிடம் கேட்டாள், சிங்களக் கடைக்கார அம்மாவிடம் கேட்டாள், நடராஜாவைத் தேடிப் போய்க் கேட்டாள், ஒருகாலத்தில் மிச்சக் காசுக்காகச் சண்டை பிடித்த பஸ் கொண்டக்டரைக்கூடப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். குசினியில் தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளிடம் கேட்கவில்லை. மறந்துபோனதால் அல்ல. ஐந்து வருடமாகப் பேரப்பிள்ளை தராதவள்தான் தன்னிடம் கேட்கவேண்டும் என்று காத்திருந்தாள். றமீலாவும் கேட்டாள். "மாமி, ஏதும் பிழை செஞ்சீந்தா மாப்பு" என்று கையைப் பிடித்தாள். மஸீனா பெருந்தன்மையோடு தலையசைத்தாள். மக்காவிலிருந்து ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்து அவளுக்கு முதல் கிளாஸைக் கொடுத்தாள். றமீலா குடித்தாள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

கொரோனாவில் ஊர் முடங்கிய மாதங்களில் களஞ்சியம் பூட்டிக் கிடந்தது. மூட்டை இல்லை, ஆகவே சுவரும் சும்மா கிடந்தது. அந்த வீட்டில் றமீலா நிமிர்ந்து நடந்தது அந்த மாதங்களில்தான். ஹபீலும் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். இருவரும் பின்னால் ரயில் தண்டவாளத்தோரம் மரவள்ளி நட்டார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. மரவள்ளி நன்றாக விளைந்தது. பிறகு கடை திறந்தது, லொறி வந்தது. பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் மக்கள் வரிசையில் நின்ற வருடம் விறகு அடுப்பை மறுபடி மூட்டினார்கள். அந்த வருடம்தான் மஸீனா மகனிடம் முடிவாகச் சொன்னாள். முஹைதீன் நானாவின் வயது பிள்ளையில்லாமலே போய்விட்டது, உனக்கும் அப்படிப் போகவேண்டாம், வேறு இடத்தில் பொண்ணு பார்க்கிறேன் என்றாள். ஹபீல் உம்மாவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவன். விவாகரத்துக்காகக் காதியார் முன்னால் மூன்று பேரும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் என்ன என்று காதியார் கேட்டார். மஸீனாதான் பதில் சொன்னாள். றமீலா மறுக்கவில்லை. அவளும் எட்டு வருடமாகத் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது அவள் பயணப்பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிக் குசினிக்குப் போனாள். அன்று களஞ்சியத்தில் ஏலக்காய் மூட்டை வந்திருந்ததால் சுவர் ஆடத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் சாய்ந்து, அன்றைய வலியை வாங்கிக்கொண்டு, பிறகு பஸ் ஏறினாள். மஸீனாவுக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சாய ஆளில்லை. சுவர் பின்னேரங்களில் ஆடியது, கறியில் கரி விழுந்தது. புதுப் பொண்ணு பேச்சு மாவனல்லையில் ஒன்று, கெலிஓயாவில் ஒன்று என்று நடந்துகொண்டிருந்தது, ஹபீல் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. இதற்கிடையில் றமீலாவைப் புசல்லாவையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நஸீப் என்பவர் கலியாணம் முடித்துக்கொண்டார் என்று கேள்வி. வருடம் திரும்பவில்லை, மகன் பிறந்தான் என்று அடுத்த கேள்வி. பிறகு மகள். "அது அந்தக் குளிருக்கு" என்றாள் மஸீனா. கேட்டுக்கொண்டிருந்த ஹபீல் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு வெளியே போய், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஷஹ்மாவுக்கு மூன்றாவது முறையும் கரு கலைந்து சுவரில் மூன்றாவது ஈரப்பொட்டு விழுந்தபோது, அவளுடைய புருஷன் அவளைக் கண்டியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டொக்டர் கமலாசனி யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் உம்மாவையும் ஹபீலையும் கூட்டிவரச் சொன்னார், அவர்களுடைய இரத்தத்தையும் அனுப்பினார். எல்லாம் வந்து சேர ஒரு பெருநாள் போய்விட்டது. கடைசியில் மஸீனாவையும் ஷஹ்மாவையும் முன்னால் உட்காரவைத்துப் பேசினார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. எங்கட உடம்பில ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் நிறமூர்த்தம், குரோமோசோம் எண்டு நாற்பத்தாறு இருக்கு. பொம்பிளையளுக்கு அதில ரெண்டு எக்ஸ். உங்கட ஒரு எக்ஸில ஒரு துண்டு உடைஞ்சு, பதினோராம் நம்பரில போய் ஒட்டியிருக்கு. அதின்ர துண்டு இஞ்சால எக்ஸில ஒட்டியிருக்கு. ஒண்டும் துலையேல்லை, இடம் மட்டும் மாறியிருக்கு. அதாலதான் நீங்கள் சுகமா இருக்கிறியள்."

"அது தெரியும் டொக்டர்" என்றாள் மஸீனா.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். மஸீனா சுவரைப் பற்றிச் சொன்னாள். டொக்டர் கேட்டுவிட்டு, ஓம், இருக்கலாம், எங்கட படிப்பில சுவர் வாறேல்லை என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தாயிடமிருந்து மாறின இரண்டு துண்டும் சேர்ந்து வந்தால் பிள்ளை தாயைப்போல இருக்கும். மாறாத இரண்டும் வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒன்று மாறினதும் ஒன்று மாறாததுமாக வந்தால் ஒரு துண்டு கூடும், ஒரு துண்டு குறையும், அந்தப் பிள்ளை பெரும்பாலும் வயிற்றில் தங்காது. சாதாரணப் பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு எக்ஸ் வேலை செய்யும், ஒன்று தூங்கும். இவர்களுக்கு அதில் ஒரு விசேஷம் இருந்தது.

"உங்கட உடம்பில உடைஞ்ச எக்ஸ்தான் வேலை செய்யுது. முழுசா இருக்கிறது படுத்துக் கிடக்குது."

ஷஹ்மா கொஞ்சம் சிரித்தாள். மஸீனா சிரிக்கவில்லை. "அப்ப ஆம்புளப் புள்ளைக்கி?" என்று கேட்டாள்.

"ஆம்பிளைக்கு எக்ஸ் ஒண்டுதான். விந்து உருவாகிற இடத்தில அது ஒரு பக்கமா ஒதுங்கி நிக்க வேணும். வேறொண்டோட ஒட்டிக் கிடந்தா ஒதுங்கேலாது, அதோட அந்த வேலை நிண்டுபோகும். மற்றும்படி ஆள் நல்ல சுகமா இருப்பார், உழைப்பார். உங்கட மகனுக்கும் அப்பிடித்தான். உங்கட அண்ணருக்கும் அப்பிடித்தான் இருந்திருக்க வேணும். மனிசியளில பிழை தேடினதில பிரயோசனமில்லை அம்மா."

பிறகு விளங்கட்டும் என்று ஒரு தாளில் கீறினார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், தங்காமல் போனவற்றுக்குக் குட்டி முக்கோணம். துண்டு மாறினவர்களுக்குப் பாதி கறுப்பு அடித்தார். மஸீனா அந்தத் தாளைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். வட்டங்கள் எங்கே வெதுவெதுப்பு இருக்குமோ அங்கே இருந்தன. சதுரங்கள் இரண்டும் சாந்து பிடிக்காத இடத்தில் இருந்தன. முக்கோணங்களின் கணக்கும் சரி.

"டொக்டர், இதுல எங்கட அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஷஹ்மா உம்மாவின் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

ஹபீலுக்கு அன்றிரவே சொன்னார்கள். அவன் கோபப்படவில்லை. குசினிக்குப் போய்த் தன்னுடைய மொட்டை வட்டத்தில் உள்ளங்கையை வைத்தான், அது சாதாரணச் சுவர்போலத்தான் இருந்தது. "இனியும் பொண்ணு பாக்குறீங்களா உம்மா?" என்றான். "எதுக்கு? சுவத்துல சாயவா?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. முஹைதீன் நானா மௌத்தாகிச் சில வருடமாகியிருந்தது. அவருடைய மூன்று மனைவிமாரில் இரண்டு பேர் மௌத்து, ஒருத்தி எங்கே என்று தெரியாது.

மஸீனா பல நாள் குசினியில் தனியாக உட்கார்ந்து அந்த இடத்தில் முதுகை அழுத்திப் பார்த்தாள். தன் வலி எப்படிப்பட்டது என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ள நினைத்தாள். ஒன்றும் ஏறவில்லை. இடுப்பிலிருந்த சுவர்த் துண்டு சுவரோடு உரசி, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள்தான் உதிர்ந்தது. எட்டு வருடம் றமீலா வாங்கிய கனம் என்ன என்று நிறுத்துப் பார்க்க வழியில்லை. பெண்கள் தூக்கமுடியாத மூட்டையை நான் தூக்கினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள். தூக்கியது யார் என்று அந்தக் குசினிக்குள்தான் அவளுக்கு விளங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நல்ல அபாயாவை உடுத்துக்கொண்டு, ஷஹ்மாவிடம்கூடச் சொல்லாமல், பேராதனைச் சந்தியில் நுவரெலியா பஸ் ஏறினாள். மாப்புக் கேட்கத்தான் போனாள். பஸ்ஸில் வழிநெடுக அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

நஸீபின் கடை புசல்லாவையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. நஸீப் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். யார் என்று அறிந்ததும் கோப்பையை வைத்துவிட்டு, "உள்ளுக்குப் போங்க, புள்ளக்கிச் சோறு தீத்திக்கொண்டு ஈக்கிறா" என்றார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. றமீலாவின் மடியில் ஒன்று, தொட்டிலில் ஒன்று. அவள் பதறவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள், ரொட்டியும் சம்பலும் வைத்தாள், இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தாள்.

மஸீனா விளக்கத் தொடங்கினாள். டொக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். நிறமூர்த்தம் நாற்பத்தாறு என்றாள். கோப்பையிலிருந்த கோதுமை ரொட்டியில் ஒரு துண்டும் கறுத்த குரக்கன் ரொட்டியில் ஒரு துண்டும் பிய்த்து, இதை அங்கேயும் அதை இங்கேயும் ஒட்டிக் காட்டினாள். இது எக்ஸ், இது பதினோராம் நம்பர் என்றாள். மடியில் இருந்த பையன் எக்ஸை எடுத்துத் தின்றான். பெண்ணுக்கு எப்படி, ஆணுக்கு எப்படி, ஹபீலுக்கு ஏன் இல்லை என்று சொன்னாள், நானாவின் கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குச் சொல்வது இலகுவாக வந்தது. இவ்வளவு விபரமாக ஒரு விஷயத்தை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. றமீலா காலால் தொட்டிலை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுவரு எப்படி ஈக்கி மாமி?" என்று இடையில் ஒருமுறை கேட்டாள், ஊரில் படுக்கையில் கிடக்கும் ஒருவரை விசாரிப்பதுபோல.

"ஈக்கி. பின்னேரத்துல ஆடுது. கறிக்குள்ள கரி கொட்டுது."

"இப்ப யாரு சாயிற?"

"யாருமில்ல."

றமீலா தலையசைத்தாள். பையனை இறக்கிவிட்டு எழும்பினாள். எழும்பும்போது இடது கையை இடுப்பில் ஊன்றி, ஒரு மூச்சை இழுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பிறகுதான் நிமிர்ந்தாள். வயது முப்பத்துநான்கு. புசல்லாவையிலிருந்து பிலிமத்தலாவைச் சுவருக்கு எத்தனையோ மலை. ஆனால் எட்டு வருடம் ஒரே இடத்தில் வாங்கிய வலியில் ஒரு துண்டு அவளோடு போய் அவளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, திரும்பிப் போகவில்லை. மஸீனா தன் வலியை முதல் தடவையாக ஒரு முகத்தில் பார்த்தாள். அது மிளகு மூட்டையின் வலி. அவளுக்குத் தெரிந்தது, லொறியின் நம்பர்வரை தெரிந்தது.

றமீலா வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கேட்டாள், குரலில் சண்டை இல்லை. "சரி மாமி, டொக்டர் சொன்னது எனக்கு விளங்கிச்சு. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

மஸீனாவின் வாயில் சொல் இருந்தது. பஸ்ஸில் உருட்டிய அதே சொல். வீதி முழுக்க, கொண்டக்டர்வரைக்கும் அள்ளிக் கொடுத்த சொல். ஆனால் அவர்களிடமெல்லாம் கேட்கும்போது அவளிடம் பிழை எதுவும் இருக்கவில்லை, ஆகவே இலகுவாக இருந்தது. வெளியே ஹோர்ன் அடித்தது.

"பஸ்ஸுக்குச் சுணங்குது" என்றாள்.

"ஓ, போகத்தான் வேணும். பின்னேர பஸ் விட்டா நின்டுகொண்டுதான் போக வரும்." றமீலா ஒரு பையில் லீக்ஸும் கரட்டும் போட்டுக் கையில் கொடுத்தாள். பையனின் கையைப் பிடித்து ஸலாம் சொல்ல வைத்தாள். பஸ் வளைவு திரும்பும்வரை கடை வாசலில் நின்றாள், ஒரு கை இடுப்பில்.

இது நடந்து நாளாகிறது. பிறகு ஷஹ்மாவுக்கு ஒரு மகள் பிறந்தாள், முழுமாதம், சுகமாக. சுவரில் இன்னும் ஒரு சாண் கீழே சின்னதாக ஒரு வெதுவெதுப்பு வந்தது. எல்லோரும் கையை வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், பிறகு சமைக்கப் போனார்கள். ஷஹ்மாவின் புருஷன் குசினிக்குள் வந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று அவளே சத்தம் போடுகிறாள். அடுப்புக்கு மேல் ஒரு தகரத்தை ஹபீல் வெல்டிங் பண்ணி மாட்டியிருக்கிறான், கரி அதில் விழுந்து ஓரமாக வழிகிறது. மஸீனா மூட்டை தூக்குவதை விட்டுவிட்டாள், கராம்பு ஆய்கிறாள். அதனால் பின்னேரத்தில் சுவர் முந்திய அளவுக்கு ஆடுவதில்லை. கொஞ்சம் ஆடும், ரயில் போகும்போது ஆடுகிற மாதிரி. புதிதாக வருகிறவர்கள் ரயில் என்றே நினைக்கிறார்கள், வீட்டிலிருப்பவர்கள் திருத்துவதில்லை. றமீலாவுக்குச் சேரவேண்டிய மஹர்ப் பணம் காதியார் முன்னாலேயே கொடுத்தாயிற்று, விலக்கின பிறகு காத்திருக்கும் இத்தாக் காலத்துச் செலவும் கொடுத்தாயிற்று, அந்த வகையில் பாக்கி ஒன்றும் இல்லை. அவளிடம் கேட்கவேண்டிய மாப்பு பாக்கி. மஸீனா அதை இன்னும் கேட்கவில்லை.